கோட்டுக்கு அடங்காத மூன்று புள்ளிகள்

அத்தியாயம் 12

போன வாரம் பாரீஸிலிருந்து கடிதம் வந்ததும் அருளப்பன் வீட்டில் உலை வைக்க மறந்துபோனார்கள். மகன் தனிஸ்லாஸின் ஆய்வேடு மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் புரொபசரின் மேசைக்கு வந்துவிட்டால், பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை அவனுக்கு. வராவிட்டால், வரிசையில் அடுத்து நிற்கிற லியோன் நகரத்து ஆளுக்கு. கடிதத்தில் இந்த இரண்டு வாக்கியத்தைத் தவிர மீதியெல்லாம் மரியாதை.

மார்ச் முப்பத்தொன்றைப் பிடிக்க வேண்டுமானால் இந்த வாரத் தபால் கப்பலைப் பிடிக்க வேண்டும். கப்பலைப் பிடிக்க வேண்டுமானால் இன்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குள் பாகூர் தபால் ஆபீசில் கட்டைச் சேர்த்தாக வேண்டும். மூன்று அடித்ததும் பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்துவிடுவார்கள். அப்புறம் எந்தத் துரை வந்து கேட்டாலும் பிரிக்க மாட்டார்கள் என்று ஊரில் பேர்.

காலை ஏழு மணி. ஆய்வேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் எழுதி முடிந்து மேசைமேல் கிடந்தது. எழுதியவன் மட்டும் அதைக் கட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காப்பி ஆறிப்போச்சுண்ணே" என்றாள் தங்கை அன்னாள்.

"ம்."

"நீ இப்படி மொறைச்சா அதுங்க எடத்த வுட்டு நவுந்துடுமா?"

அதுங்க என்று அவள் சொன்னது புள்ளிகளை. மாதா படத்துக்கும் கோயில் காலண்டருக்கும் நடுவே ஒரு பெரிய கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. அதில் நூற்றுப்பதினெட்டுப் புள்ளிகள். அவர்கள் ஊரான குருசுமேட்டைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் இருக்கிற நூற்றுப்பதினெட்டு வயலுக்கும் வயலுக்கு ஒன்று. வலது பக்கம் போகப்போகப் பெரிய வயல், இடது பக்கம் சின்ன வயல். மேலே போகப்போகக் குழிக்கு, அதாவது ஒரே அளவு நிலத்துக்கு, கூடுதல் விளைச்சல், கீழே வந்தால் குறைச்சல். நடுவே மை தொட்டு ஒரு கோடு இழுத்திருந்தான். அது இடது கீழ் மூலையில் கிளம்பி, வலது பக்கம் மேலே ஏறியது.

புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். ஈ மொய்த்த தாளை ஏன் சுவரில் வைத்திருக்கிறார்கள் என்று வண்டிக்கார முத்துசாமி கேட்டது உண்டு. பையன் டாக்டராமே, ஊசி போடுவாரா என்று கேட்டவர்களும் உண்டு. "ஊசி போடமாட்டான், கோடு போடுவான்" என்று அருளப்பன் பெருமையாகச் சொல்லிவிடுவார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

தெரிந்தவள் அன்னாள் ஒருத்திதான். இருபத்துநாலு வயது. கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அண்ணன் பாரீஸில் இருந்த ஆறு வருஷத்தில் மூன்று அறுவடைக்கு, ஒரு களம் விடாமல் நின்று, எத்தனை மரக்கால் அளந்தார்கள் என்று நோட்டில் எழுதி அனுப்பியவள் அவள். மழையில் நனைந்து எழுதியிருக்கிறாள். காய்ச்சலோடு எழுதியிருக்கிறாள். அவன் அங்கே கணக்குப் பிசகாமல் பெருக்கி வகுத்ததெல்லாம் இவள் இங்கே எழுதியதைத்தான். அந்தப் படிப்புக்கு எக்கோனோமேத்ரி என்று பேர், பொருளாதாரத்தைக் கணக்குப் போட்டு அளக்கிற படிப்பு. உலகத்திலேயே அதைப் படித்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள் என்று தனிஸ்லாஸ் சொல்வான். அதில் ஒருத்தன் தன் அண்ணன் என்பதில் அன்னாளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், 'பிசகாத கை கொண்ட என் தங்கைக்கு' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தான். அதை அவள் ஆள் இல்லாத நேரத்தில் நாலு தடவை எடுத்துப் படித்தாயிற்று.

"நூத்துப்பதினஞ்சு புள்ளி கோட்டை ஒட்டி நிக்குது" என்றான் தனிஸ்லாஸ் திரும்பாமலே. "மூணு மட்டும் நிக்கல. பாரு."

இடது பக்கம், சின்ன வயல்கள் எல்லாம் கீழே கிடக்க, மூன்று புள்ளிகள் மட்டும் மேலே போய் உட்கார்ந்திருந்தன. பெரிய வயல்களோடு சரிக்குச் சரி.

"பத்துக் குழி, பன்னண்டு குழி, எட்டுக் குழி. பக்கத்து வயல்லாம் குழிக்கு ஒண்ணே முக்கால் மரக்காலத் தாண்டல. இது மூணும் முழுசா ரெண்டு. மூணு வருஷமும். எப்படி?"

"யார் வயலு?"

"நம்பர்தான் இங்க இக்குது. நீதான் சொல்லணும்."

நோட்டைப் புரட்டினாள். பத்தாவது நிமிஷம் நிமிர்ந்து, "கமருதீன் பாயோடது. அவர் மச்சான் அப்துல் சமதோடது. இன்னொண்ணு பள்ளிவாசல் தெரு காஜா மொய்தீனோடது" என்றாள்.

தனிஸ்லாஸின் புருவம் ஏறியது. "மூணும் அவங்க வயலா? இன்னா எரு போடறாங்க?"

"கடைக்கு மெழுகுத்துணி வாங்கப் போறேன். கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் நீ குளி. மூணு மணிக்குக் கட்டு போயாகணும்."

"அதை எழுதாம கட்டுனா புரொபசர் மொதல்ல அந்த மூணு புள்ளியிலதான் வெரல் வெப்பாரு. எருன்னு தெரிஞ்சா அடிக்குறிப்பா ரெண்டு வரி. அவ்வளோதான்."

இரண்டு வரிதான் பாக்கி என்று அன்னாளும் நம்பித்தான் கிளம்பினாள்.

* * *

கடைமடை வழியாகப் போனால் பாகூர் கடைத்தெரு ஒன்றரை மைல். மதகிலிருந்து வருகிற தண்ணீர் கடைசியாகத் தொடுகிற இடம் அது. பத்துக் குழி, பதினைந்து குழி வைத்திருக்கிறவர்களெல்லாம் அங்கேதான். அறுத்த தாள் காய்ந்துகொண்டிருந்த வரப்பில் தனக்கொடி வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தாள். தங்கவேலின் பெண்டாட்டி. வாய்க்கு அஞ்சாதவள். அன்னாளைப் பார்த்ததும் கட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மா அன்னாளு, நில்லு. எங்க வயலு வெளையலன்னு உங்க அண்ணன் சீமைக்கு எழுதிட்டாராமே?"

"யாரு சொன்னாங்க அக்கா?"

"ஊரே சொல்லுது. டவுன்ல தண்ணிக் கமிட்டி கூடுதாம் வியாழக்கெழம. சின்ன வயலுக்குத் தண்ணி வுட்டா வீணு, பெரிய வயலுக்கு மொதல்ல வுடுங்கன்னு பேப்பர் போயிருக்குதாம். பெரிய வயலுக்கு வுட்டுட்டு எங்களுக்கு எப்ப வரும்? பங்குனிக்கா?"

பேப்பர் போனது நிஜம். கமிட்டித் துரை கேட்டார் என்று தனிஸ்லாஸ் ஆய்வேட்டின் சுருக்கத்தை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். கொண்டுபோய்க் கொடுத்தவர் அருளப்பன்.

"அவரா ஒண்ணும் சொல்லல அக்கா. களத்துல அளந்ததத்தான் எழுதியிருக்காரு."

"களத்துல நீதான நின்னே?"

"நான்தான்."

"எங்க நெல்லு எங்க குதிர்ல இக்குது. உன் நோட்டுல எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்குக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

அன்னாளுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் வெயிலில் நின்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஒரு மரக்கால் கூட்டியோ குறைத்தோ எழுதியது உண்டா? அந்தக் கோபத்திலேயே கடைத்தெரு வரை வேகமாக நடந்துவிட்டாள்.

கமருதீன் கடையில் மெழுகுத்துணி முதல் மண்வெட்டிக் காம்பு வரை எல்லாம் கிடைக்கும். மனுஷர் ஐம்பது வயதுக்காரர், பேச்சில் சலிக்காதவர். துணியைக் கிழித்துக்கொண்டே, "தம்பி கட்டு இன்னிக்குப் போவுதா? அல்லா நல்லபடியா சேக்கட்டும்" என்றார்.

"பாய், உங்க பத்துக் குழியில இன்னா எரு போடறீங்க?"

"எருவா? ஆட்டுப்புழுக்கை. அதே கீதாரிதான் உங்க அப்பா வயல்லயும் கெடை போடறான். ஏன்?"

"வெதை?"

"வெதை நெல்லு உங்க வூட்டுலதான் வாங்கறேன். இன்னாம்மா, வக்கீல் மாதிரி கேக்கறே?"

அன்னாள் விஷயத்தைச் சொன்னாள். சுவரில் இருக்கிற தாள், கோடு, கோட்டுக்கு அடங்காத மூன்று புள்ளிகள். மூன்றும் அவர்கள் வயல். கமருதீன் கைவேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். தன் வயல் பாரீஸ் வரைக்கும் பேசப்படுகிறது என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"எங்க வயலு மட்டும் கூட வெளையுதா? வாய்ப்பே இல்லியே. தங்கவேலு வயலும் என் வயலும் ஒரே வரப்பு. அவன் கதிரும் என் கதிரும் ஒரே மாதிரிதான் சாஞ்சு கெடந்துது."

கடைக்குள் திரைக்குப் பின்னாலிருந்து ரஹ்மத் பீவியின் குரல் வந்தது. பாயின் வீட்டு அம்மாள். வயலைப் பார்த்துக்கொள்வது உண்மையில் அவள்தான். "நல்லா கேளும்மா, இவருக்குக் களத்துக்கு வர்றதுக்கே நேரமில்ல. நான்தான் நிக்கறேன். உங்க ஆளுங்களவிட நாங்க ஒண்ணும் கூட அளக்கல. மொத்தத்தையும் அளப்போம், இருபதுல ஒரு பங்கு ஒதுக்குவோம், மீதி வூட்டுக்கு வந்துடும்."

"ஒதுக்கறதுன்னா?"

"தர்மத்துக்கு. ஏழைபாழைங்களுக்கு."

"அளந்துட்டா ஒதுக்குவீங்க?"

ரஹ்மத் பீவி சிரித்தாள். "அளக்காம இருபதுல ஒண்ணு எதுன்னு எப்படிம்மா தெரியும்? எங்களுக்குக் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கணும். பார்க்காம கொடுத்தா குறைஞ்சுட்டா இன்னா பண்றது, அதுக்கு வேற பதில் சொல்லணுமே."

அன்னாள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கண்ணுக்கு முன்னால் களம் வந்து நின்றது. கமருதீன் களம் இல்லை, மற்றவர்களுடையது. தூற்றி முடித்த நெல் குவியலாய்க் கிடக்கும். வீட்டுக்காரர் மரக்காலைக் கையில் எடுப்பார். உடனே சுற்றி நிற்கிற அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேதக்காரர்கள் கண்ணை மூடி 'அருள்நிறை மரியே' சொல்வார்கள். மற்றவர்கள் அங்காளம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் தான் நேர்ந்துகொண்டபடி முதல் மரக்கால்களைச் சாமிக்கு அளந்து தனிச் சாக்கில் போடுவார். எத்தனை என்று அவர் சொல்லமாட்டார். யாரும் பார்க்கமாட்டார்கள். சாமிக்குக் கொடுத்ததை எண்ணினால் கொடுத்தது கொடுத்ததாகாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் பிறந்தது முதல் பழகிய விஷயம். சாக்கைக் கட்டி நகர்த்திய பிறகுதான், "ஆச்சு, திரும்புங்க" என்று குரல் வரும். அப்புறம்தான் எண்ணிக்கை ஆரம்பம்.

அன்னாளும் அங்கேதான் நின்றாள். கண்ணை மூடி, கையில் நோட்டோடு. "ஆச்சு" என்ற பிறகு கண்ணைத் திறந்து ஒன்று, இரண்டு என்று எழுதினாள்.

"ஒரு பலகை கொடுங்க பாய்" என்றாள்.

கமருதீன் சிலேட்டை நீட்டினார். பத்துக் குழி வயல், இருபது மரக்கால் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று சாமிக்கு. அவள் எழுதியது பதினேழு. குழிக்கு இரண்டு இல்லை, ஒன்றே முக்காலுக்கும் கீழே. இருநூறு குழி வயல், நானூறு மரக்கால். அங்கேயும் அதே மூன்றுதான் சாமிக்கு, நேர்ச்சைக்கு வயலின் அளவு கணக்கில்லை. எழுதியது முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. குழிக்கு ஏறக்குறைய இரண்டு.

சின்ன வயல் குறைவாக விளையவில்லை. எல்லா வயலும் ஒரே மாதிரிதான் விளைந்திருக்கிறது. சுவரில் ஏறுகிற அந்தக் கோடு வயலில் இல்லை, அவள் நோட்டில் இருந்தது.

"தண்ணி குடிம்மா" என்றார் கமருதீன்.

* * *

அன்னாள் மெழுகுத்துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். மணி பன்னிரண்டு.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? "ஆட்டுப்புழுக்கைண்ணே" என்று சொன்னால் போதும், அவன் இரண்டு வரி எழுதிக் கட்டிவிடுவான். இருபது வருஷத்துப் பாடு. ஒன்பது வயதில் டவுன் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. லீவுக்கு வந்தாலும் அறுவடைக்கு வந்தது இல்லை, இந்தத் தையில் ஊரில் இருந்தும் எழுத்து மேசையை விட்டு எழவில்லை. அதனால்தான் களத்தில் என்ன நடக்கும் என்றே அவனுக்குத் தெரியாமல் போயிற்று. அவன் கேட்டது, 'அளக்கிறதை எழுது'. அவர்கள் அளந்ததை அவள் எழுதினாள். யார்மேலே குற்றம்?

என்மேலேதான் என்று நினைத்தாள். பிசகாத கை.

மேட்டுத் தெருப் பிள்ளையார் கோயிலைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். இது கடைமடை வழி இல்லையே. அரை மைல் கூடுதலான சுற்று வழி. எப்போது இந்தப் பக்கம் திரும்பினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. தனக்கொடி முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டு கால் தானாக இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இன்று சுற்றி வந்தாள், சரி. நாளைக்கு? ஆயுசுக்கும் சுற்றி வர முடியுமா?

அங்கிருந்து வீடு வரைக்கும் அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

வாசலில் முத்துசாமியின் வண்டி பூட்டி நின்றது. அருளப்பன் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். தபசு காலத்து ஒருசந்தி நோன்பு வேறு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான், இருந்தும் முகத்தில் களை. தனிஸ்லாஸ் குளித்துத் தலை சீவி, பக்கங்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தான்.

"இன்னா எரு?" என்றான்.

"எரு ஒண்ணுமில்லண்ணே."

சொல்லிவிட்டாள். மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக, கமருதீன் கடைச் சிலேட்டில் போட்ட கணக்கு முதல் கண்ணை மூடி நின்ற களம் வரைக்கும். சொல்லச் சொல்லத் தனிஸ்லாஸ் அவளைப் பார்ப்பதை விட்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு தாளுக்குக் கிட்டே போய், கீழே கிடந்த சின்ன வயல் புள்ளிகளை ஒவ்வொன்றாக மேலே நகர்த்திப் போட்டான். ஒன்று. இரண்டு. ஐந்து. பத்து. ஒவ்வொன்றும் அந்த மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு புதிதாக ஒரு கோடு இழுத்தான். அது எங்கேயும் ஏறவில்லை. ஏரித் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது.

"அன்னா" என்றான். சின்ன வயதில் கூப்பிட்ட பேர். "நூத்துப்பதினஞ்சு பேரும் தப்பு, அந்த மூணு பேரு சரி. நான் ஆறு மாசமா அந்த மூணையும்தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய், நாற்காலியில் உட்கார்ந்தான்.

அருளப்பனுக்குப் புரிந்தது வேறு. "கட்டு போவுமா போவாதா?"

"போவாதுப்பா."

"ஏன் போவாது? ஒரு கோடு கொஞ்சம் சாஞ்சிருந்தா பாரீசுல யார் வூட்டு அடுப்பு எரியாம போயிடும்?"

"பாரீசுல எல்லா அடுப்பும் எரியும்பா. தங்கவேலு வூட்டுலதான் எரியாது."

"சரி, இப்ப அனுப்பிடு. தப்பு இக்குதுன்னு பின்னால ஒரு கடுதாசி போட்டுடு. வேலை கைக்கு வந்துடும் இல்ல?"

"தப்பு ஏதோ ஒரு பக்கத்துல இருந்தா அப்படிப் பண்ணலாம். புஸ்தகமே இந்தக் கோடுதான்பா. தலைப்பே இதுதான்."

அருளப்பன் கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதைப் பார்க்க அன்னாளுக்குத் தாங்கவில்லை. "என்னாலதாம்பா" என்று அழுதுவிட்டாள்.

"உன்னால இல்ல" என்றான் தனிஸ்லாஸ். "களத்துல ஒரு நாளு வந்து நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். பாரீசுல உக்காந்துக்கிட்டு உன் கண்ணால பாத்தேன். உன் கண்ணு அந்த நேரத்துல மூடியிருக்கும்னு நான் கேக்கவே இல்ல." ஆய்வேட்டின் முதல் பக்கத்தை எடுத்தான். தங்கைக்கு என்று எழுதிய வரியை அடித்துவிடப்போகிறான் என்று நினைத்தாள். அவன் மற்ற இருநூற்றுப் பதினொரு பக்கத்தையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மேசைமேல் வெளியே வைத்தான். "இது அப்படியே இருக்கும். மீதியத் திரும்ப எழுதணும்."

வாசலிலிருந்து முத்துசாமி, "மணி ரெண்டரைங்க" என்று குரல் கொடுத்தான்.

"மாட்ட அவுத்துடுப்பா. நாளன்னிக்கி விடியகாலைல வா. கமிட்டிக்கு நான் போவணும்."

வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. அவன் கொடுத்த நாலு பக்கம் துரையின் கையில் இருக்கிறது. தான் எழுதியது தப்பு என்று அவனே போய்ச் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் ஏற்பார்களா? நேற்று வரை ஒரு கணக்கு, இன்று ஒரு கணக்கா என்று கேட்பார்கள். சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் பேச முடியும்.

"எல்லாத்துக்கும் மூணக் கூட்டிட்டா ஆச்சு இல்ல?" என்றாள் அன்னாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மூணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வெச்சுக்கிட்டேன்... கணக்குக்கு." சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மூன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? நேர்ந்துகொண்டதுதானே அளவு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்று கூடும். மாடு செத்தால் ஒன்று கூடும். நிலம் குறைச்சலாக இருக்கிற வீட்டில்தான் கவலை கூடுதல். அப்படியானால் நேர்ச்சையும் அங்கேதான் கூடுதல். தங்கவேல் சாமிக்கு என்று எத்தனை தள்ளினானோ? கண்ணை மூடியிருந்தாலும் நெல் சாக்கில் விழுகிற சத்தம் காதில் விழுந்திருக்குமே. எத்தனை தடவை? நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

"வூடு வூடாப் போய்க் கேக்கணும்" என்றான் தனிஸ்லாஸ். கண்ணில் காலையில் இருந்த அதே பிடிவாதம் திரும்பிவிட்டது. "நூத்துப்பதினஞ்சு வூடு, ரெண்டு நாளு."

"யாருண்ணே சொல்லுவாங்க? எண்ணக்கூடாதுன்னுதான முகத்தையே திருப்பறாங்க?"

"ஒண்ணாம் நம்பர் வயலு யாரோடது?"

அன்னாளுக்கு நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் வருஷம், முதல் நாள், முதல் களம். "நம்மளோடது."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அருளப்பன் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு மாதா படத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, நீ எத்தனை மரக்கா தள்ளுவே?"

"அத கேக்காதே."

"அப்பா..."

"கொடுத்தத வாயால சொல்லக்கூடாதுடா. உங்க தாத்தா சொன்னதில்ல, நானும் சொல்லமாட்டேன். வேற எதுவேணா கேளு."

தனிஸ்லாஸ் மறுபடி கேட்கவில்லை. நூற்றுப்பதினைந்து வீட்டில் முதல் வீடு, சொந்த வீடு, கதவைச் சாத்திவிட்டது. தூரத்தில் கோயில் மணி மூன்று அடித்தது. பாகூரில் இந்நேரம் பையின் வாயைக் கட்டியிருப்பார்கள். மூன்று பேரும் அந்த மணியைக் கடைசி வரைக்கும் கேட்டார்கள்.

அடித்து ஓய்ந்ததும் அருளப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாதாவைப் பார்த்தபடியே, வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விரித்தார்.

ஐந்து விரல்.

அன்னாள் நோட்டில் முதல் வயலுக்கு நேரே ஐந்து என்று எழுதினாள்.

"அஞ்சா?" என்றான் தனிஸ்லாஸ். அவனால் கேட்காமல் இருக்க முடியாது, அவன் படிப்பு அப்படி. "எல்லா வருஷமுமா?"

முதுகுக்குப் பின்னால் இருந்த கையில் கட்டைவிரல் மடங்கியது. நாலு.

"எந்த வருஷம் நாலு?"

"இந்தத் தையிலதான்" என்றார் அருளப்பன். சொல்லமாட்டேன் என்றவர் சொல்லிவிட்டார். "ஆறு வருஷமா ஒண்ணு கூடப் போட்டேன். நீ பத்திரமா வூடு வந்து சேரணும்னு. இந்த வருஷம் நீ வந்துட்டே இல்ல."

பென்சில் அன்னாள் கையில்தான் இருந்தது. எழுதட்டுமா என்று அண்ணன் பக்கம் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி நின்றான்.